'பாப்பம்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்

தங்கச்சி, யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து லண்டன் வந்து மூன்று மாதம், முதியோர் இல்லத்தில் வேலை, ஆங்கிலம் படித்திருந்தும் இங்கத்தைய ஆட்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 'டோண்ட் பீட் அபவுட் த புஷ்' என்று பொறுப்பாளர் சொன்னதும், பற்றைக்கு ஏன் அடிக்க வேண்டும் என்று குழம்பினீர்களாம். நானும் அதே வேலையில் தொடங்கியவள்தான்.

அந்தக் காலத்துப் பறவை வேட்டையில் பற்றையைத் தடியால் அடித்துக் குருவிகளைக் கிளப்புவார்கள். சுற்றிவர மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் அகப்படாது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா என்று நாங்கள் சொல்வதுதான் அது. 'சிற்றிங் ஒன் த ஃபென்ஸ்', அதாவது வேலிமேல் குந்தியிருப்பது, எங்கள் மதில்மேல் பூனை. இவற்றையெல்லாம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒவ்வொரு சொல்லும் விளங்கி, சொன்னது மட்டும் விளங்காமல் போகும் இடம்தான் கஷ்டம். 'யூ மைட் வோண்ட் டு செக் தட்' என்றால் விருப்பம் இருந்தால் பார் என்று அர்த்தமில்லை, இப்போதே போய்ப் பார் என்பதுதான். 'குவைட் குட்' என்பது பெரும்பாலும் பரவாயில்லை என்ற அளவுதான். 'நொட் பாட்' அதைவிடப் பெரிய பாராட்டு. லீவு கேட்டு 'ஐ வில் பெயார் இட் இன் மைண்ட்', அதாவது மனதில் வைத்திருக்கிறேன், என்று பதில் வந்தால் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இவர்கள் நேர்மையில்லாதவர்களா என்று கேட்டீர்கள். இல்லை. ஊரில் வெளிக்கிடுகிறவரிடம் 'எங்கை' என்று கேட்கமாட்டோம், 'தூரமோ' என்போம். சம்பந்தம் பிடிக்காவிட்டால் 'குறிப்புப் பொருந்தேல்லை' என்று தரகரிடம் சொல்லிவிடுவோம், இரண்டு வீட்டுக்கும் முகம் முறியாது. கடன் கேட்டவரிடம் 'பாப்பம்' என்றால் அவருக்கே விளங்கிவிடும். நாள் கிழமை சொல்லாத 'பாப்பம்' நடக்காது என்று உங்களுக்குத் தெரியும்தானே? அந்தக் காதோடு இங்கேயும் கேளுங்கள். 'ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ' என்பவர் எந்த நாள் என்று சொன்னால் அது அழைப்பு. சொல்லாவிட்டால் மரியாதை.

ஒன்றில் மட்டும் அவர்கள் எங்களைவிட நேர். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்போது ஊர்ப் பழக்கத்தில் வேண்டாம் என்றால், இரண்டாம் தரம் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், உங்கள் வேலைக்கு மிக முக்கியமான ஒன்று. என் முதல் மாதத்தில் ஒரு அம்மா 'ஐ நீட் டு ஸ்பென்ட் எ பென்னி' என்றார். காசு கேட்கிறார் என்று நினைத்து அவருடைய பையைத் தேடப் போனேன். முன்பு இங்கே பொதுக் கழிப்பறைக் கதவு திறக்க ஒரு பென்னி போட வேண்டும். அவர் கேட்டது கழிப்பறை. நான் பையோடு திரும்பும்போது அவர் உடுப்பு நனைந்து, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. அந்த முகம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. விளங்காவிட்டால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே கேளுங்கள், 'டு யூ மீன்' என்று தொடங்கினால் போதும்.

'எ பிட்' என்ற சொல்லிலும் கவனம். 'எ பிட் அண்டர் த வெதர்' (கொஞ்சம் சுகமில்லை), 'எ பிட் சோர்' (கொஞ்சம் நோகிறது) என்று வயதானவர்கள் சொன்னால் அது கொஞ்சமாக இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் அப்பு நெஞ்சைப் பொத்திக்கொண்டே 'ஒண்டுமில்லை, வாய்வு' என்பார். அதே குரல்தான் இதுவும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சொல்லும்போது 'எ பிட்' போடாதீர்கள். எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று நேரே சொல்லுங்கள்.