வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பிளிஃபயரில் மட்டும்தான் பாடகர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நிற்பதுபோல் கேட்குமா?

இல்லை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரிலும் நிற்பார். ஆனால் உங்கள் வீட்டில் இப்போதைக்கு எதை வைத்தாலும் நிற்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஸ்பீக்கர்கள் டிவி ஷோகேசுக்குள் சுவரோடு ஒட்டித்தானே இருக்கின்றன? வேலூர்ப் பக்கம் நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் இதே நிலைமைதான்.

என் அப்பா குடியாத்தத்தில் மைக் செட் வைத்திருந்தார். வால்வுகளுக்கு நடுவே வளர்ந்து, அவற்றைப் பழுதுபார்த்தே பிழைப்பவன் நான். வால்வின் மேல் எனக்கு விரோதம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

காட்பாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இஎல்34 என்ற வகை வால்வுகள் போட்ட ஆம்பிளிஃபயரைப் பெரிய விலை கொடுத்து வாங்கினார். மேடையே கண்முன் விரியும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். குரலோ இடது பக்கமாகவே ஒதுங்கிக் கிடந்தது. அளந்து பார்த்தேன், வலது சேனலின் ஜோடி வால்வுகள் தளர்ந்திருந்தன. குரல் நடுவில் தோன்ற வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேர வேண்டும். 1931இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லீன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியபோது டிரான்சிஸ்டரே பிறக்கவில்லை, அது வந்தது 1947இல். ஆனாலும் அவருடைய கணக்கு வால்வைப் பற்றியதல்ல, இரண்டு காதுகளைப் பற்றியதுதான்.

புது ஜோடி போட்டு பயஸை, அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, சரிசெய்ததும் குரல் நடுவுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார் ஆசிரியர். நான் கட்டிய டிரான்சிஸ்டர் செட்டை எடுத்துப் போய், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து இரண்டின் வோல்டேஜையும் சமப்படுத்தினேன். இதைச் செய்யாவிட்டால் சத்தம் துளி கூடியதுதான் உசத்தி என்று காது சொல்லிவிடும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து, கடப்பைக் கல் தரையில் ஜமுக்காளம் விரித்தோம். அவ்வளவுதான், நாகஸ்வரம் ஓரிடம், தவில் சற்றுப் பின்னால் ஓரிடம் என்று இரண்டு செட்டிலுமே பிரிந்து நின்றன!

வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வால்வில் குரல் கொஞ்சம் தடித்து, பரந்து கேட்டது. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்கு ஆம்பிளிஃபயர் உள்ளேயே காட்டும் தடை, அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் இடங்களில் ஒலியும் கூடிக் குறையும். இரண்டாவது ஹார்மோனிக்கும், அதாவது மூல ஒலியின் இரட்டை அதிர்வெண்ணில் ஒரு ஒலியும், சிறிது சேரும். எனக்கு அது பிடிக்கும். பதிவில் அது இல்லை என்பதும் தெரியும். மீட்டரை விடக் காது பெரிது என்று வாதிடுபவர்கள், அளவைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்டுவிட்டு வரட்டும்.

வாங்குவதானால் ஒன்று: நான்கு இஎல்34 வால்வுகளின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர்களுக்கு மட்டுமே ஏறக்குறைய 38 வாட் போகும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அந்த அறையில் உட்கார வேண்டியவர் நீங்கள். உள்ளே 400 வோல்ட் அளவில் ஓடும், அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சரில் தங்கும். மூடியைத் திறக்காதீர்கள்.

காது என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. கூத்துக்கு இப்போது பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி, கட்டியங்காரன் பேசுவதே புரியாமல் செய்கிறார்கள். அப்பா ஒரே மைக்கைத் தொங்கவிட்டு, கடைசி வரிசைப் பாட்டிக்கும் வசனம் கேட்கச் செய்தவர். சத்தம் போதவில்லை என்று ஓர் ஊர் விழாக்குழு அவருடைய கூலியை நிறுத்தியது. அவர் கண் மூடும்வரை அந்தப் பணம் வரவில்லை.