அமெரிக்கப் பாடகி ஷான் கோல்வினின் ‘கவர் கேர்ள்’ இசைத்தொகுப்பு ஏன் கவனிக்கப்படாமல் போனது?

முக்கியக் காரணம் காலம். 1994இல் வந்த இந்தத் தொகுப்பில் கோல்வின் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிறர் பாடல்கள். அடுத்து 1996இல் வந்த தொகுப்பிலிருந்த ‘சன்னி கேம் ஹோம்’ 1998இல் இரண்டு கிராமி விருதுகளை அள்ளியது. அந்த வெளிச்சத்தில் இது மறைந்துவிட்டது. பிறர் பாடலைப் பாடினால் ‘சரக்குத் தீர்ந்துவிட்டது’ என்று நினைக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ‘திஸ் மஸ்ட் பி த பிளேஸ்’. டாக்கிங் ஹெட்ஸ் ராக் இசைக்குழுவின் 1983ஆம் ஆண்டு மூலத்தில் ஒரே இசைத்துணுக்கு விடாமல் சுழலும். வரிகள் அதன்மேல் மிதக்கும். மேடையில் பதிவான கோல்வினின் வடிவத்தில் அந்தச் சுழற்சி முழுவதையும் ஒற்றை கிட்டார் சுமக்கிறது. மூலத்தில் விளையாட்டாகக் கடந்துபோகும் சொற்கள் இங்கே திடீரென்று ஒரு காதல் கடிதமாகிவிடுகின்றன. (மூலத்தை வெறுத்த என் நண்பர் இதைக் கேட்டபின் மூலத்துக்கே திரும்பிப் போனார்!)

தேர்விலும் நல்ல காது தெரிகிறது. ரோலி சாலி எழுதிய ‘கில்லிங் த புளூஸ்’ இதில் இருக்கிறது. ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் அதைப் பாடிப் பரவலாக அறியச் செய்தது 2007இல்தான். 1979இல் மறைந்து, பலரும் மறந்திருந்த பாடகி ஜூடி சில்லின் பாடலும் உண்டு.

‘த போலீஸ்’ என்ற ராக் இசைக்குழுவின் பாடலை மட்டும் அவசரமில்லாமல் பிறகு கேளுங்கள். மூலத்தின் துள்ளல் அதில் கொஞ்சம் குறைவு.