பயிற்சி ஆட்டத்தில் அடிக்காதவரைக் கழித்துக்கட்டலாமா?

பேஸ்பால் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் காயத்தையும் பேட்டிங் மாற்றத்தையும் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பேட் வரும் பாதையைப் பாருங்கள். பேட்டர் ஜே.டி. மார்ட்டினெஸ் தன் ஸ்விங்கையே (பேட்டை வீசும் விதத்தையே) மாற்றி, பந்தைத் தூக்கி அடிக்கப் பழகிக்கொண்டு 2014 பயிற்சி முகாமுக்கு வந்தார். அவருடைய அணியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சரியாக வாய்ப்பே தராமல் மார்ச்சில் விடுவித்துவிட்டது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே 23 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .315 (ஆயிரம் வாய்ப்புக்கு 315 ஹிட் என்ற கணக்கு)! நாலைந்து ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது அநியாயம்.

காயம் வேறு விஷயம். அதிலும் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) முழங்கை வலி என்றால் உடனே கவலைப்படுங்கள். 2025 மார்ச்சில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் ஜெரிட் கோலுக்கு அப்படித்தான் தொடங்கியது. முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுவதும் போயிற்று.