தாமிரபரணியை நெட்வொர்க்எக்ஸில் வரைந்தால் படம் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது?

தாமிரபரணியின் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் பைத்தான் நிரல்மொழியில், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கையாளும் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தைக் கொண்டு வரைகிறீர்கள். நிரலை ஓட்டும்போதெல்லாம் படம் மாறுகிறது, தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாக வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

படம் மாறுவதற்குக் காரணம் ஸ்பிரிங் லேஅவுட் என்ற இடம் ஒதுக்கும் முறை. அது நோடுகளை, அதாவது அணைக்கட்டு, கால்வாய் முதலியவற்றைக் குறிக்கும் புள்ளிகளை, கண்டபடி இறைத்துவிட்டுப் பிறகு இழுத்தும் தள்ளியும் இடம் தேடும். சீட் எண் (தற்செயல் தேர்வின் தொடக்க எண்) ஒன்றைக் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். நின்று என்ன பயன்? அதற்கு மேடு பள்ளம் தெரியாது. ஆறு கடலில் கலக்கும் புன்னக்காயலை, மலையடிவாரத்துப் பாபநாசத்துக்கு மேலே கொண்டுபோய் வைக்கும். கோடுகளுக்குத் திசை உள்ள டைகிராஃப் வகையில் கட்டி, கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருளில் மேலிருந்து கீழாக அடுக்கி வரையும் டாட்டிடம் கொடுங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகளும் நீரோட்டத்தின் போக்கிலேயே இறங்கிவரும்.

கட்டங்கள் வருவது, படத்தை வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததால். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் கொம்பு இடம் மாறி நிற்பதுண்டு. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் பாங்கோ நூலகத்துடன் நிறுவிய கிராஃப்விஸில் இந்தத் தொல்லை கிடையாது.

உண்மையான வம்பு பெயர்களில் இருக்கிறது. கோடைமேலழகியானிலும் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று கால்வாய் பிரிகிறது, ஸ்ரீவைகுண்டத்திலும் அப்படியே. இரண்டு இடத்திலும் வெறும் 'வடகால்' என்று எழுதினால் நெட்வொர்க்எக்ஸ் ஒரே நோடாக எடுத்துக்கொள்ளும். அம்பாசமுத்திரம் வட்டாரத்து வயலும் ஸ்ரீவைகுண்டத்து வயலும் ஒரே கால்வாயில் பாயும்! அணைக்கட்டின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 'கோடகன்' என்ற கால்வாயின் பெயரிலுள்ள 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. எட்ஜ், அதாவது இணைப்புக் கோடு, சேர்க்கும்போது அந்தப் பெயரில் நோடு இல்லையென்றால், நெட்வொர்க்எக்ஸ் கேட்காமலே புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே எல்லாப் பெயர்களையும் முதலில் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி என்ற ஒன்றிணைந்த வடிவத்துக்கு மாற்றி, ஓரத்து இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள்.

வரைவதற்கு முன் இன்டிகிரி (உள்ளே வரும் கோடுகளின் எண்ணிக்கை) பூஜ்யமான நோடுகளை அச்சிட்டுப் பாருங்கள். தாமிரபரணியின் தோற்றுவாய், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு போன்ற தொடக்கங்கள் மட்டுமே வர வேண்டும். நடுவில் சுத்தமல்லி வந்து நின்றால் எங்கோ ஓர் எழுத்து பிசகியிருக்கிறது. அவுட்டிகிரி (வெளியே போகும் கோடுகளின் எண்ணிக்கை) பூஜ்யத்தில் கால்வாய்களும் புன்னக்காயலும் தவிர வேறெதுவும் வரக்கூடாது.