மின்சைக்கிளில் கியர்: வாங்கும் முன்னும் ஓட்டும்போதும்

கேள்வி: முதன்முறையாக மின்சைக்கிள் வாங்கப்போகிறேன். பார்த்த இரண்டில் ஒன்றுக்குக் கியரே இல்லை, மற்றதற்கு 8 கியர். மோட்டார்தான் தள்ளிவிடுகிறதே, கியருக்காக ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?

பதில்: மோட்டார் வண்டியைத் தள்ளும். ஆனால் உங்கள் கால் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைக் கியர்தான் முடிவு செய்யும். நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்று வரை மிதிப்பது பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கும். ஒரே கியர் உள்ள வண்டியில் மெதுவாகப் போகும்போது பெடல் கனக்கும். வேகம் பிடித்துவிட்டாலோ கால் வீணாகச் சுற்றும், மிதிப்பதில் பிடிப்பே இருக்காது.

மோட்டார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்கரத்தின் நடுவில், அதாவது ஹப்பில் இருந்தால் அது சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. கியருக்கும் அதற்கும் தொடர்பில்லை. கியர் உங்கள் காலுக்கு மட்டும்தான். பெடல் அச்சில், வண்டியின் நடுவில் இருந்தால் கதை வேறு. அந்த மோட்டாரின் விசையும் உங்கள் கால் விசையும் ஒரே செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகின்றன. அங்கே நீங்கள் போடும் கியர் மோட்டாருக்கும் சேர்த்துத்தான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் கியர் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சமதரை, குறைந்த தூரம், ஹப் மோட்டார் என்றால் கியர் இல்லாத வண்டியைத் தாராளமாக வாங்கலாம். பழுது குறைவு, எடையும் குறைவு. போகிற வழியில் மேடு இருந்தாலோ, சுமையோ குழந்தையோ ஏற்றிச் செல்வதானாலோ, பேட்டரி தீர்ந்தபின் மிதித்தே வீடு சேர வேண்டிய தொலைவு என்றாலோ கியர் உள்ளதையே வாங்குங்கள். மின்சைக்கிள்கள் பல 20 கிலோவைத் தாண்டும் எடை கொண்டவை. மோட்டார் ஓய்ந்த பிறகு அந்த எடையை ஒற்றைக் கியரில் மேட்டில் ஏற்றுவது தண்டனை.

கேள்வி: இடது கைப்பிடியில் 1 முதல் 5 வரை ஒரு பொத்தான், வலது கைப்பிடியில் 1 முதல் 8 வரை ஒரு நெம்புகோல். இரண்டுமே கியர்தானா?

பதில்: இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

இடது பக்கம் இருப்பது உதவி நிலை. மோட்டார் எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். எண் கூடினால் பேட்டரி விரைவில் கரையும். வலது பக்கம் இருப்பதே கியர். 1 இலகுவானது, மெதுவான பயணத்துக்கும் மேட்டுக்கும். 8 கனமானது, வேகத்துக்கு.

மேடு வந்ததும் கியரை 8-லேயே விட்டுவிட்டு உதவியை மட்டும் 2-லிருந்து 5-க்கு ஏற்றுபவர்களை நிறையப் பார்க்கிறேன். வண்டி ஏறத்தான் செய்கிறது. ஆனால் நடு மோட்டார் தனக்கு ஒவ்வாத மெதுவான சுழற்சியில் முக்கி முனகுகிறது, மின்சாரத்தில் கூடுதல் பங்கு வெப்பமாகப் போகிறது, அந்த இழுப்பையெல்லாம் செயின் தாங்குகிறது. முதலில் கியரைக் குறையுங்கள். அப்படியும் கனமாக இருந்தால் உதவியைக் கூட்டுங்கள். இந்த வரிசைப்படி ஓட்டினால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் போகலாம்.

கேள்வி: என்னுடையது நடு மோட்டார் வண்டி. மேட்டில் கியர் மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று பெரிய சத்தம். கடந்த வாரம் செயினே அறுந்துவிட்டது. வண்டியில் கோளாறா, என்னிடம் கோளாறா?

பதில்: வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் மின்சைக்கிளில் நானும் அதே சத்தத்தோடு பல நாள் ஓட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் சாவியையும் சார்ஜரையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிலைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

செயின் மேல் என்ன பாரம் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வலுவான நடு மோட்டார் ஒன்றின் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் வலு, 85 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 42 பற்கள் என்றால் அதன் ஆரம் சுமார் 8.5 சென்டிமீட்டர். அப்படியானால் மோட்டார் முழு வலுவோடு இழுக்கும்போது செயினில் 1000 நியூட்டன் விசை இருக்கும். 100 கிலோ எடையை அந்தச் செயினில் தொங்கவிட்டதற்குச் சமம். இது மோட்டாரின் பங்கு மட்டும். உங்கள் காலின் பங்கு இதற்கு மேல். அப்படி விறைத்து நிற்கும் செயினைப் பக்கவாட்டில் தள்ளி வேறொரு பல்சக்கரத்தில் ஏறச் சொல்கிறீர்கள். ‘டக்’ என்று அது கத்தாமல் என்ன செய்யும்?

எனவே மேட்டின் நடுவில் மாற்றாதீர்கள், மேட்டின் அடியிலேயே மாற்றுங்கள். எதிரே ஏற்றம் தெரிந்ததும், கால் இன்னும் இலகுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒன்று இரண்டு கியர் இறங்கிவிடுங்கள்.

மாற்றும் அந்தக் கணத்தில் பெடலைச் சுற்றுவதை நிறுத்தக் கூடாது. அழுத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். செயின் ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த பல்லில் ஏற முடியும். அதனால் நெம்புகோலைத் தட்டும்போது அரைச் சுற்றுக்கு, பெடலில் பாதம் சும்மா அமர்ந்திருப்பதுபோல் சுற்றுங்கள். கியர் அமர்ந்தது காலுக்கே தெரியும். பிறகு அழுத்துங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கியர். நான்கைந்தை ஒரே மூச்சில் தாவ வேண்டாம்.

கால் அழுத்தத்தை அளக்கும் உணரி உள்ள வண்டிகளில் நீங்கள் காலைத் தளர்த்தியதுமே மோட்டாரும் தளர்ந்துவிடும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி உள்ளவற்றில், கால் சுற்றும்வரை மோட்டார் இழுத்துக்கொண்டேயிருக்கும். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் அமைப்பு உங்கள் வண்டியில் இருந்தால், மாற்றும் நொடியில் பிரேக் நெம்புகோலை மெல்லத் தொடுங்கள், மோட்டார் மட்டும் விலகிக்கொள்ளும். கியர் கம்பி அசைவதை உணர்ந்து மோட்டாரைத் தானே ஒரு கணம் நிறுத்தும் உணரி சில வண்டிகளில் வருகிறது. வாங்கும்போது கேட்டுப் பார்ப்பது நல்லது.

மேட்டில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இரண்டு மூன்று மிதி பலமாக மிதித்துக் கொஞ்சம் வேகம் சேருங்கள். அந்த வேகம் வடிவதற்குள் காலைத் தளர்த்தி மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் பெடலைச் சுற்றி மாற்றிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறுந்த செயினுக்குப் பதில் புதியது போடும்போது பின் பல்சக்கரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும்.

கேள்வி: சிக்னலில் நின்று கிளம்பும்போது பெடல் அசையவே மறுக்கிறது. ஏன்?

பதில்: வேகத்தில் வந்த கியரிலேயே நின்றுவிடுகிறீர்கள். செயினைப் பக்கவாட்டில் மாற்றும் வகைக் கியரை நின்றபின் மாற்ற முடியாது. பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே, கால் சுற்றிக்கொண்டிருக்கையில், இரண்டு மூன்று கியர் இறங்கிவிடுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

கேள்வி: 21 கியர் உள்ள வண்டியும் 8 கியர் உள்ள வண்டியும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. 21 தானே மேல்?

பதில்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 21 என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் வருவது. முன்னால் 28, 38, 48 பற்களும் பின்னால் 14 முதல் 28 பற்கள் வரையும் உள்ள வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன் 28, பின் 14 என்று போட்டால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சக்கரம் இரண்டு சுற்று. முன் 48, பின் 24 என்று போட்டாலும் அதே இரண்டு சுற்று! இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகும் சேர்க்கைகள் பல. போதாக்குறைக்கு, பெரியதோடு பெரியது, சிறியதோடு சிறியது என்று போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும், அவற்றையும் தவிர்க்க வேண்டும். உண்மையில் பயன்படும் கியர்கள் 21-ஐவிட மிகக் குறைவு.

கேட்க வேண்டியது பற்களின் எண்ணிக்கையை. முன்னால் 42, பின்னால் 11 முதல் 34 வரை உள்ள 8 கியர் வண்டியில் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், மிக இலகுவான கியரில் ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 2.7 மீட்டர் நகரும். மிகக் கனமானதில் 8.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டர் வரை கால் இதமாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமான மின்சைக்கிளுக்கு மணிக்கு 25 கிலோமீட்டரோடு மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும் என்பது விதி. அந்த வேகத்தைத் தாண்டியபின் உங்கள் கால் மட்டும்தான். எனவே மேல் கியர்கள் இன்னும் எத்தனை இருந்தாலும் அன்றாடத்தில் அவ்வளவாகப் பயன்படப் போவதில்லை. கீழ்க் கியர் எவ்வளவு இலகுவானது என்பதே கேள்வி. முன்னால் இப்படி 42 பற்களோடு ஒரே பல்சக்கரம் இருக்கும் வண்டியில், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள்தான் என்றால் மேட்டில் திணறும். 34 அல்லது அதற்கு மேல் என்றால் நிம்மதி. நீங்கள் சொன்ன இரண்டில், 8 கியர் வண்டியின் பெரிய பல்சக்கரம் 34 பற்களோடு இருந்தால் நான் அதையே எடுப்பேன். முன்னால் ஒரே பல்சக்கரம், ஒரே நெம்புகோல், கற்றுக்கொள்வதும் எளிது.

கேள்வி: பின் ஹப்புக்குள்ளேயே கியர் மூடியிருக்கும் வகை நல்லதா?

பதில்: நகரப் பயணத்துக்கு மிக நல்லது. நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம் என்பதற்காகவே புதியவர்களுக்கு இதை விரும்பிப் பரிந்துரைப்பேன். தூசியும் மழையும் உள்ளே போகாது. செயினுக்குப் பதில் பெல்ட் வேண்டும் என்றாலும் இந்த வகையே பொருந்தும். பெல்ட்டால் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. குறைகளும் உண்டு: எடை கூடுதல், விலை கூடுதல், பின்சக்கரம் பஞ்சரானால் கழற்றி மாட்டுவது சிரமம். இதிலும் மாற்றும்போது காலைத் தளர்த்தத்தான் வேண்டும். அந்த ஹப் உங்கள் மோட்டாரின் முறுக்குவிசையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் மின்சைக்கிள்கள் வந்துவிட்டனவாமே?

பதில்: வந்திருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. நீங்கள் விரும்பும் மிதி வேகத்தைச் சொல்லிவிட்டால் போதும். கை வலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய வரம். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல பிரேக்குக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: ஓராண்டுக்குள் செயினும் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டன. உத்தரவாதம் இருந்தும் கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் செயின், பிரேக் கட்டை, டயர் ஆகியவற்றைத் தேயும் பொருள்கள் என்று உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைப்பதே வழக்கம். உத்தரவாதத் தாளைப் படித்துப் பாருங்கள். அதில் விலக்கு எழுதப்படவில்லை என்றால் விடாதீர்கள், எழுத்து மூலம் கேளுங்கள். தேய்மானத்துக்குக் காரணம் தயாரிப்புக் குறை என்று, எடுத்துக்காட்டாகப் பல்சக்கரம் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது என்று, காட்ட முடிந்தாலும் கேட்க உங்களுக்கு இடமுண்டு.

இனிமேல் பல்சக்கரத்தைக் காப்பாற்றும் வழி செயினை அளப்பது. செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். 24 இடைவெளிகளை ஒரு அளவுகோலால் அளந்தால் புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் வரும். 306.3-ஐத் தொட்டால் அரைச் சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள வண்டிகளில் அப்போதே மாற்றிவிட வேண்டும். பின்னால் அதைவிடக் குறைவாக உள்ளவை முக்கால் சதவீதம் வரை தாங்கும். செயின் மலிவு, பல்சக்கரத் தொகுதி விலை கூடியது. மலிவானதை உரிய நேரத்தில் மாற்றினால் மற்றது நெடுநாள் உழைக்கும்.

கேள்வி: வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. முதலில் வெண்ணெய்போல் மாறிய கியர் இப்போது தயங்கித் தயங்கி ஏறுகிறது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். புதுக் கியர் கம்பியும் அதன் உறையும் முதல் சில வாரங்களில் சற்று இளகி அமரும். எல்லாப் புது வண்டியிலும் நடப்பது இது. பின்சக்கரத்தருகே செயினை நகர்த்தும் கருவிக்குள் கம்பி நுழையும் இடத்திலோ நெம்புகோலின் அருகிலோ கையால் திருகக்கூடிய சிறு திருகு இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் அதை இடஞ்சுழியாகக் கால் திருப்பு திருப்பி, ஓட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கால் திருப்பு. அதற்கும் சரியாகாவிட்டால், அல்லது வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால், அந்தக் கருவியைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கக்கூடும். அதை நீங்களாக நிமிர்த்த வேண்டாம். முதல் சர்வீஸுக்குக் கொண்டுபோய், விழுந்ததை மறைக்காமல் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.