வீரத்துக்கு வேலிடிட்டி எத்தனை நாள்?

கே: “எங்கள் சமூகம் போர்க்குடி என்று வெள்ளைக்காரனே சான்றிதழ் கொடுத்திருக்கிறான். இதைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி எழுதுவீர்களா?”
- ஒரு வாசகர், சோளிங்கர்

ப: சான்றிதழ் என்றீர்களே, அசல் இருக்கிறதா, ஜெராக்ஸா? கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து உண்டா? முக்கியமாக, எதுவரை செல்லும்? வருமானச் சான்றிதழையே வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த வீரச் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. குடகர்களுக்கென்று ஒரு ரைபிள் படை வைத்தான்; 1904ல் கலைத்தான். மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களைச் சேர்த்து இரண்டு பட்டாளம் அமைத்தான். 1907ல் அவையும் காலி. மதராஸ் ரெஜிமென்டை 1920களில் ஒவ்வொரு பட்டாளமாக இழுத்து மூடினான். உலகப் போருக்கு ஆள் பற்றவில்லை என்றதும் 1941ல் மனுவே போடாமல் புதுப்பித்துக் கொடுத்தான். நடுவில் நம் ஆட்களின் ரத்தம் லீவில் போயிருந்ததா?

சான்றிதழ் அதிகாரியான பிரிட்டிஷ் ஜெனரல் ராபர்ட்ஸையும் பாருங்கள். 1880ல் சீக்கியரையும் கூர்க்காக்களையும் நடத்திக்கொண்டு காபூலிலிருந்து காந்தகார் போனவர். அடுத்த வருஷமே சென்னைப் படைக்குத் தளபதி. வடமேற்கே ரஷ்யாக்காரன் வந்துவிடுவான் என்பது அன்றைய பயம். தெற்கத்தியான் மெத்தனமாகிவிட்டான், வடக்கே ஆள் எடுங்கள் என்றார். சம்பளத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். விலைவாசி எங்கேயோ போயும் 1895ல்தான் அது 9 ஆயிற்று. சென்னைச் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டாளக் குடியிருப்பு லைனிலேயே வைத்துச் சோறு போடுகிறவன். அந்தக் காசுக்கு எவன் வருவான்? வராதவனுக்கு வீரம் போதாது என்று ஃபைல் மூடப்பட்டது.

தேர்ந்தெடுத்தவர்களையும் நம்பினானா? ‘கிளாஸ் கம்பெனி’ என்று ஒரு ஏற்பாடு: கம்பெனிக்கு ஒரு சாதி அல்லது ஒரு மதம், எட்டு கம்பெனி சேர்ந்தால் ஒரு பட்டாளம். ஒரு கம்பெனி துப்பாக்கியைத் திருப்பினால் பக்கத்துக் கம்பெனி அதைச் சுட வேண்டும். 1857 சிப்பாய்க் கலகத்தில் பட்ட சூடு.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருவோம். 1781 செப்டம்பரில் சோளிங்கரில் ஹைதர் அலியோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். அதற்கான போர் விருதாக ‘சோளிங்கர்’ என்ற பெயர் பட்டாளங்களுக்குக் கிடைத்தது. பிறகு சென்னைப் பட்டாளங்கள் பலவற்றில் நம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி பஞ்சாபிகளை நிரப்பினார்கள். 1903ல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் சென்னைப் பட்டாளங்களின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்; 2வது சென்னைப் பட்டாளம் 62வது பஞ்சாபி ஆனது இப்படித்தான். ஆள் மாறினாலும் விருது பட்டாளத்தோடுதான் போகும். அந்த 62வது பஞ்சாபி பின்னாளில் போய்ச் சேர்ந்த முதல் பஞ்சாப் ரெஜிமென்ட் வழியாக உங்கள் ஊர்ப் பெயர் 1947ல் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரிஜினல் வேண்டுமானால் மர்தானில் இருக்கும் பஞ்சாப் ரெஜிமென்ட் சென்டருக்கு எழுதுங்கள். விசா நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சங்க மாநாட்டு பேனர்காரர்களோடு நமக்கு இருக்கும் பழைய வழக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். சிப்பாய் என்றால் ராஜபுத்திரத் தலைப்பாகை, இரும்புக் கவசம், முழங்கால் வரை பூட்ஸ் என்று அடிக்கிறார்கள். அந்தக் காலச் சென்னைச் சிப்பாய்க்கு மேலே சிவப்புக் கோட்டு, இடுப்பில் தொடையோடு நிற்கும் வெள்ளை அரை டிராயர், கீழே வெறுங்கால், மிஞ்சினால் செருப்பு. உங்கள் தலைவர் அந்த உடுப்பில் பத்தடி பேனருக்கு நிற்கச் சம்மதித்தால், பாடப்புத்தகத்துக்கு நானே சிபாரிசுக் கடிதம் தருகிறேன்.