ஃபார்ம் திறந்ததுமே ஏன் சிவப்பு?

கே: சுங்குடி புடவைக் கடை ஒன்றுக்கு ஆர்டர் ஃபார்ம் செய்தேன். பக்கம் திறந்ததுமே எல்லாக் கட்டமும் சிவப்பு. "இன்னும் ஒண்ணுமே எழுதலை, அதுக்குள்ள தப்பா?" என்கிறார் கடைக்காரர். (தெற்கு மாசி வீதி, மதுரை)

ப: அவர் கேட்பது நியாயம்தான். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், இன்வேலிட் என்ற செலக்டரில் (பிழையான கட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் குறி) நீங்கள் சிவப்பைக் கொடுத்திருப்பீர்கள். ரிக்கொயர்ட் (கட்டாயம் நிரப்ப வேண்டும்) என்று போட்ட கட்டம் காலியாக இருந்தால், பிரௌசருக்கு அது பக்கம் திறக்கும்போதே பிழைதான். யூசர்-இன்வேலிட் என்று மாற்றுங்கள். எழுதிவிட்டுக் கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகோ, சப்மிட்டை அழுத்திய பிறகோதான் அது விழித்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸில் 2021இலேயே வந்துவிட்டது. சஃபாரியிலும் குரோமிலும் 2023இல். பழைய போனில் சிவப்பு வராது, ஆனால் பிரௌசரின் சொந்த எச்சரிக்கை வரும், போதும். அங்கேயும் நிறம் வேண்டுமென்றால், ஜாவாஸ்கிரிப்டில் பிளர் நிகழ்வின்போது, அதாவது கட்டத்தை விட்டு வெளியே வரும்போது, ஒரு கிளாஸ் (தோற்றத்தை மாற்ற ஒட்டும் பெயர்) சேர்த்துவிடுங்கள். அப்புறம், அந்தக் கிளாஸையும் யூசர்-இன்வேலிட்டையும் கமா போட்டு ஒரே விதியில் எழுதாதீர்கள். ஒன்று புரியாவிட்டாலும் பழைய பிரௌசர் முழு விதியையும் தூக்கி எறிந்துவிடும்.

கே: தப்பாக எழுதினால் கட்டம் குலுங்க வேண்டும் சார். முதல் தடவை குலுங்குகிறது, அடுத்த தடவை அசையவில்லை. (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

ப: குலுக்கும் கிளாஸ் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருப்பதையே மறுபடி சேர்த்தால் அனிமேஷன் புதிதாகத் தொடங்காது. அசைவு முடிந்ததைச் சொல்லும் அனிமேஷன்எண்ட் நிகழ்வு வந்ததும் கிளாஸை எடுத்துவிடுங்கள். குலுக்கலை மார்ஜினில் (கட்டத்தைச் சுற்றிய இடைவெளி) செய்யாமல், கட்டத்தை மட்டும் நகர்த்தும் டிரான்ஸ்ஃபார்மில் செய்யுங்கள். மார்ஜின் மாறினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிரௌசர் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும், மலிவு போன் திணறும். நாலைந்து பிக்சல், 300 மில்லிசெகண்ட், அவ்வளவுதான் என் கணக்கு. அசைவு பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும். போன் செட்டிங்கில் அசைவைக் குறைத்து வைத்தவர்களுக்கு, அந்த செட்டிங்கைக் கவனிக்கும் பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் வழியாகக் குலுக்கலை நிறுத்திவிடுங்கள். அவர்களுக்கு அனிமேஷன்எண்ட் வராது என்பதால் வேறு முக்கிய வேலை எதையும் அதில் தொங்கவிடாதீர்கள்.

கே: பெயரைத் தமிழில் எழுதினால் கட்டம் சிவக்கிறது. எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் பேட்டர்னில் யூனிகோடு எழுத்து வகையைத்தான் கொடுத்திருக்கிறேன். (மேலூர்)

ப: எழுத்து வகையான 'எல்' மட்டும் கொடுத்தால் 'க' தேறும், 'கு' தேறாது. துணைக்கால், கொம்பு, மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் யூனிகோடில் 'எம்' என்ற குறி வகை. அதனால்தான் முருகன் உள்ளே வர முடியவில்லை! 'எம்' வகையையும், இனிஷியலுக்காக முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்தால் வருவார். என்னைக் கேட்டால் பெயருக்குப் பேட்டர்னே வேண்டாம். காலியாக இல்லாவிட்டால் சரி. பின்கோடுக்கு, செல் நம்பருக்கு வையுங்கள்.

கே: சிவப்பு பார்டர் மட்டும் போதுமா? (உசிலம்பட்டி)

ப: போதாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். என்ன தப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள்; அந்த எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடாவது இருக்கட்டும். கட்டத்தில் ஏரியா-இன்வேலிட் (பக்கத்தைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்குப் பிழையைச் சொல்லும் ஆட்ரிபியூட்) போட்டு, சிவப்பையும் கிளாஸுக்குப் பதில் அந்த ஆட்ரிபியூட்டிலேயே கட்டினால், கண்ணுக்குத் தெரிவதும் ஸ்கிரீன் ரீடர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும்.

கே: பிழைச் செய்தி வந்ததும் சப்மிட் பட்டன் கீழே குதிக்கிறது. (திருப்பரங்குன்றம்)

ப: செய்திக்கு முன்கூட்டியே மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுத்து இடம் விட்டுவிட்டு, ஒபாசிட்டியை (தெரியும் அளவு) மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் செய்தி தமிழில் பெரும்பாலும் இரண்டு வரி பிடிக்கும். அதை வைத்து அளவெடுங்கள்.